தாம்பரத்தில் திறக்கப்படாத ஜெர்மன் புத்தகங்கள்

1938 டிசம்பர் 12 முதல் 29 வரை தாம்பரத்தில் ஓர் உலக மாநாடு நடந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டை ஒட்டிய புதிய வளாகத்துக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கி ஏழு ஆண்டுகள். அனைத்துலக மிஷனரி மன்றம் முதலில் சீனாவின் ஹாங்சோ நகரில்தான் கூடுவதாக இருந்தது. ஜப்பான் சீனாமீது போர் தொடுத்ததால் இடம் இங்கே மாறியது. ஏறத்தாழ எழுபது நாடுகளிலிருந்து 471 பேர் வந்தார்கள். தலைமை அமெரிக்கரான ஜான் மாட். பின்னாளில் நோபல் அமைதிப் பரிசு பெற்ற தென்னாப்பிரிக்கர் ஆல்பர்ட் லுதுலி வந்திருந்தார். ஜப்பானின் ககாவா வந்திருந்தார். ஜெர்மனியிலிருந்தும் ஒரு குழு வந்தது. யூதர்களின் கடைகள் நொறுக்கப்பட்டு, தொழுகைக் கூடங்கள் எரிக்கப்பட்ட நவம்பர் இரவு கடந்து ஒரு மாதமே ஆகியிருந்த நாட்டின் குழு அது.

அந்தக் குழுவினர் ஊர் திரும்பியதும் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். மார்ட்டின் ஷ்லுங்க் தொகுத்து 1939-இல் வெளியான அந்த மாநாட்டு அறிக்கையின் தலைப்புப் பக்கத்திலேயே தாம்பரத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது. புறநகர் ரயில் நிலையம் ஒன்றின் பெயர் ஜெர்மன் இறையியல் நூலின் அட்டைக்குப் போனது நமக்குச் சிறிய பெருமைதான். ஆனால் தமிழ்நாட்டுக்கும் ஜெர்மன் மொழியில் எழுதிய போதகர்களுக்கும் உள்ள உறவு அந்த ஆண்டில் தொடங்கியதல்ல. அதற்கு 230 ஆண்டு முன்பே தொடங்கியது. கேள்வி இதுதான்: தமிழோடு வாழ்ந்த புராட்டஸ்டண்டுப் போதகர்கள் ஜெர்மனில் என்ன எழுதினார்கள், அந்த எழுத்து யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேராமல் போனது? அவர்களுடைய தமிழ்ப் பணியை நாம் நன்றாகவே அறிவோம். வேதாகம மொழிபெயர்ப்பு, அகராதி, அச்சுக்கூடம் என்று பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. அவர்களுடைய ஜெர்மன் பாதியைத்தான் நாம் படித்ததில்லை. தாம்பரத்தில் கூடியவர்களும் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை என்பது என் கருத்து.

போதகர் எழுத்தாளராகவும் இருப்பது ஜெர்மானியர்களுக்குப் புதிதல்ல. வாரந்தோறும் பிரசங்கம் எழுத வேண்டும், நாட்குறிப்பு எழுத வேண்டும், சபைக்குப் பாட்டுக் கட்ட வேண்டும். போதகர் வீடு என்பதே ஓர் எழுத்துப் பட்டறை. பெர்லின் நிக்கோலாய் ஆலயத்தில் ஊழியம் செய்த பவுல் கெர்ஹார்ட் (1607-1676) அம்மொழியின் பெரும் பாடலாசிரியர்களில் ஒருவர். ஹெர்டர், மோரிக்கே இருவரும் பிரசங்க மேடை ஏறியவர்களே. லெஸ்ஸிங்கும் நீட்சேயும் போதகர் வீட்டுப் பிள்ளைகள். 'சித்தார்த்தன்' எழுதிய ஹெர்மன் ஹெஸ்ஸேயின் தாய்வழிப் பாட்டனார்தான் நம் பக்கத்து மலையாளத்துக்கு அகராதி தந்த ஹெர்மன் குண்டர்ட். அவர் 1836-இல் முதலில் வந்திறங்கியது சென்னையில். மலபாருக்குப் போகும் முன் திருநெல்வேலியில் தமிழோடு பழகியவர். ஆக, சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடியில் பேனாவைத் தொட்டபோது அவருக்குப் பின்னால் அப்படி ஒரு மரபு இருந்தது.

பர்த்தலோமேயு சீகன்பால்க் 1682-இல் சாக்சனியின் புல்ஸ்னிட்ஸில் பிறந்தார். பக்கத்து ஊரான காமென்ஸில் லத்தீன் பள்ளியில் படித்தார். பிற்பாடு லெஸ்ஸிங் பிறந்தது அந்தக் காமென்ஸில்தான். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, சக மிஷனரி புளூட்சாவுடன் 1706 ஜூலையில் தரங்கம்பாடி வந்தார். 1719 பிப்ரவரியில் 36 வயதில் இறந்தார். இடையில் டேனிஷ் ஆளுநர் அவரை நான்கு மாதம் சிறையில் வைத்தார். இடையில் ஒரு முறை ஐரோப்பா போய் மணம் முடித்துத் திரும்பினார். மிஞ்சிய காலத்தில் எழுதித் தள்ளினார்.

அவர் எழுதிய ஜெர்மன் நூல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு வாசகர் வளர்வது தெரியும். 1708-இல் தாம் சேகரித்த தமிழ் ஏடுகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். நூறுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள். ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் யார், எதைப் பற்றியது, மக்களிடம் என்ன மதிப்பு என்று குறிப்பு. தொல்காப்பியமும் திருக்குறளும் அதில் உண்டு. ஐரோப்பிய மொழியொன்றில் தமிழிலக்கியத்துக்கு எழுதப்பட்ட முதல் மதிப்புரைத் தொகுப்பு என்று அதைச் சொல்லலாம். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். முன்னுரையில், இந்த மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று தாமும் ஒரு காலத்தில் நினைத்ததாகவும், மொழி தெரிந்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டதாகவும் ஒப்புக்கொள்கிறார். 26 வயது மிஷனரி, பணமும் ஆதரவும் தரும் ஊர்ச் சபையாருக்கு இப்படி எழுதத் துணிச்சல் வேண்டும்.

அடுத்து 1711-இல் தமிழர் சமயத்தைப் பற்றி ஒரு பெரிய நூல். 1713-இல் தமிழர் தெய்வங்களின் வம்சாவளி. முதல் நூலில் அவர் தம் சொந்தக் கருத்தைவிடத் தமிழ் நூல்களின் மேற்கோளையே அடுக்குகிறார். சிவவாக்கியர்மேல் அவருக்குத் தனிப் பிரியம். உருவ வழிபாட்டைச் சாடும் சித்தரில் தம் கூட்டாளியைக் கண்டுகொண்டார். சித்தரைத் தம் கட்சிக்கு இழுத்தது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் 1711-இல் சிவவாக்கியரை இவ்வளவு ஊன்றிப் படித்த ஐரோப்பியர் வேறு யார்? இரண்டாம் நூலில் அவர் மாரியம்மனையும் ஐயனாரையும் சிவன், திருமாலோடு ஒரே வரிசையில் வைத்து விவரிக்கிறார். வேதம், சமஸ்கிருதம் என்று மேலிருந்து தொடங்கிய பிற்கால இந்தியவியலாளர்கள் ஊர்த் தேவதைகளைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினார்கள். சீகன்பால்க் தெருவிலிருந்து தொடங்கினார். தரங்கம்பாடியில் அவர் கண்டது அதைத்தானே.

இரண்டு நூல்களும் அவர் காலத்தில் அச்சேறவில்லை. கையெழுத்துப் படி ஹாலே நகரிலிருந்த அவருடைய ஆசான் பிராங்கேக்குப் போனது. அவரோ, மிஷனரிகளை அனுப்பியது அங்குள்ள அஞ்ஞானத்தைக் களையத்தானே தவிர அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற கருத்தில் அதை மூடிவைத்தார். தெய்வங்களின் வம்சாவளி 154 ஆண்டு கழித்து, 1867-இல் வெளியானது. எங்கே என்று நினைக்கிறீர்கள், சென்னை வேப்பேரியில். லைப்சிக் மிஷனைச் சேர்ந்த வில்ஹெல்ம் கெர்மன் அதைப் பதிப்பித்தார். கிறித்தவ அறிவுச் சங்கத்தின் அச்சகத்தில், தமிழ் எழுத்துக் கோக்கப் பழகிய கைகள் ஜெர்மன் நூல் ஒன்றைக் கோத்தன. மற்ற பெரிய நூல் இன்னும் தாமதம்: 1926-இல் வில்லெம் காலாண்ட் ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டார். எழுதி 215 ஆண்டு.

அவர் உயிரோடு இருந்தபோதே அச்சில் வந்தது வேறொன்று, என் கணக்கில் இவை எல்லாவற்றையும்விட அரியது. 1712 முதல் 1714 வரை சீகன்பால்க்கும் அவருடைய தோழர் கிரூண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். உங்கள் சமயம் என்ன சொல்கிறது, ஏன் எங்கள் மதத்தை ஏற்க மறுக்கிறீர்கள், பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் சொல்கிறீர்கள், நோய்க்கு என்ன செய்கிறீர்கள். பதில்கள் தமிழில் வந்தன. அவற்றை ஜெர்மனில் பெயர்த்து ஹாலே மிஷன் அறிக்கைகளில் 1714-லும் 1717-லும் வெளியிட்டார்கள். எழுதியவர்களின் பெயர் அச்சில் இல்லை. பல கடிதங்கள் 'அலெப்பா' என்று குறிக்கப்படும் துபாஷி எழுதியவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அழகப்பன் என்பதே அப்படித் திரிந்திருக்கலாம். போர்த்துக்கீசும் டேனிஷும் டச்சும் ஜெர்மனும் தெரிந்த அந்த மனிதர் ஒரு கட்டத்தில் தரங்கம்பாடியிலிருந்து வெளியேற்றப்பட்டார். கடிதங்களில் பதில் சொல்பவர்கள் பணிவாகத் தொடங்கி மெல்லத் திருப்பிக் கேட்கிறார்கள்: உங்கள் ஊர்க் கிறித்தவர்கள் குடிப்பதும் சண்டையிடுவதும் எங்கள் கண்ணுக்குத் தெரிகிறதே, அதற்கு என்ன பதில்? தமிழ் மூலம் தொலைந்துபோனது. 300 ஆண்டுக்கு முந்தைய தமிழர் சிலர் தம் வாழ்வைப் பற்றித் தாமே பேசிய பேச்சு இன்று ஜெர்மன் மொழி வழியாகவே உயிரோடு இருக்கிறது.

வேப்பேரிக்குப் போவோம். யோகான் பிலிப் பப்ரிசியுஸ் 1711-இல் பிறந்து, 1740-இல் இந்தியா வந்து, 1742 முதல் சென்னையிலேயே காலம் கழித்து 1791-இல் இங்கேயே இறந்தார். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கைப்பற்றிய பிரெஞ்சு அச்சுப்பொறி வேப்பேரியில் அவர் கைக்கு வந்தது; அரசாங்க வேலைகளையும் அச்சிட்டுத் தர வேண்டும் என்பது நிபந்தனை. 1779-இல் தமிழ்-ஆங்கில அகராதி, அதற்கும் மேலாக வேத மொழிபெயர்ப்பு. சபையாரின் பணத்தை நம்பிக் கடன் கொடுத்து மோசம்போய், முதுமையில் கடனுக்காகச் சிறையும் கண்டார்.

இவர் ஜெர்மனில் இலக்கியம் படைத்தவரல்ல. ஆனால் எதிர்த்திசையில் ஒரு காரியம் செய்தார்: கெர்ஹார்ட் முதலான போதகக் கவிஞர்களின் பாடல்களை நூற்றுக்கணக்கில் தமிழாக்கினார். லுத்தரன் சபைகளில் அவற்றுக்கு ஞானப்பாட்டு என்று பெயர். ஜெர்மன் ராகத்தின் அசைக் கணக்குக்குள் தமிழை அடைப்பது லேசான வேலையல்ல. குறில் நெடிலாக இழுபடும், நெடில் குறுகும், எதுகை தடுமாறும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளுக்கு முன்னால் கவிதையாக ஞானப்பாட்டு நிற்காது. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனாலும் அதே சாஸ்திரியார்தான், பின்வந்த மிஷனரிகள் பப்ரிசியுஸின் வேத நடையை மாற்றப் புறப்பட்டபோது எதிர்த்துச் சண்டையிட்டார். பாக் தம் மத்தேயு இசைநாடகத்தில் எடுத்தாண்ட கெர்ஹார்ட்டின் பாடுகளின் பாட்டு, பெரிய வெள்ளியன்று தமிழ் லுத்தரன் சபைகளில் ஒலிக்கிறது. பாடுகிற பாட்டியம்மாவுக்கு அது பதினேழாம் நூற்றாண்டு பெர்லின் போதகர் ஒருவரின் கவிதை என்பது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஜெர்மன் இலக்கியத்தில் தமிழ் மண்ணுக்குள் முழுதாக இறங்கியது இந்த ஒன்றுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காற்று திசை மாறியது. தமிழ் ஜெர்மனுக்குப் போனது. தரங்கம்பாடி மிஷனரி கேமரர் 1803-லேயே நியூரன்பெர்கில் குறளின் ஒரு பகுதியை வெளியிட்டிருந்தார். ஆனால் பெரிய ஆள் கார்ல் கிரௌல் (1814-1864). லைப்சிக் மிஷனின் இயக்குநர். 1849 முதல் 1853 வரை இந்தியாவுக்குப் பயணம் செய்து, திரும்பியதும் ஐந்து தொகுதிகளில் பயண நூல் எழுதினார். கூடவே 'தமிழ் நூலகம்' என்று பொருள்படும் லத்தீன் தலைப்பில் நான்கு தொகுதிகள். மூன்றாம் தொகுதி 1856-இல் வந்த திருக்குறளின் ஜெர்மன் ஆக்கம். நான்காவதில் குறள் மூலமும் லத்தீன் பெயர்ப்பும். அது அவர் இறந்த மறு ஆண்டு கெர்மன் கையால் வெளியானது. கைவல்ய நவநீதத்தையும் ஜெர்மனுக்குக் கொண்டுபோனவர் இவரே. தமிழ்ச் செய்யுள்கள் சிலவற்றை ஜெர்மன் செய்யுளாகவே ஆக்கி ஒரு திரட்டும் செய்தார். அதில் மிஷன் இயக்குநரை விடக் கவிதை ரசிகர்தான் அதிகம் தெரிகிறார்.

கிரௌலின் குறள் எங்கெல்லாம் போனது என்பதைத் தொடர்ந்தால் வியப்பாக இருக்கும். டால்ஸ்டாய் 1908-இல் எழுதிய 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' கட்டுரையில் குறள்கள் வருகின்றன. ஜெர்மன் வழியாகவே அவர் குறளை அறிந்தார் என்று சொல்வார்கள். அக்கடிதத்தைக் காந்தி படித்தார், வெளியிட்டார். திருவள்ளுவர் லைப்சிக் போய், ரஷ்யா போய், தென்னாப்பிரிக்கா வழியாக இந்தியா திரும்பிய கதை அது. இன்னொருவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர். ஸ்ட்ராஸ்பூர்க் நகரின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் போதகராக இருந்தவர், ஆப்பிரிக்காவில் மருத்துவர், ஜெர்மன் உரைநடையில் தேர்ந்த கை. 1935-இல் இந்தியச் சிந்தனையாளர்களைப் பற்றி எழுதிய நூலில், இந்திய மனம் உலகை மறுக்கும் மனம் என்று ஒரே கோட்டில் இழுத்துக்கொண்டு போகிறார். குறளுக்கு வந்ததும் கோடு வளைகிறது. இல்லறமும் ஈகையும் உழவும் பேசும் நூலை உலக மறுப்பில் அடக்க முடியவில்லை. இதற்கு இணையான அறமொழித் தொகுப்பு உலக இலக்கியத்திலேயே அரிது என்று எழுதிவிடுகிறார். தமிழ் தெரியாத, தமிழ்நாட்டுக்கு வராத ஒருவர் தம் முடிவைத் திருத்திக்கொள்ள ஒரு மொழிபெயர்ப்பு போதுமானதாக இருந்தது.

கிரௌலைப் புகழ்ந்துவிட்டு ஒன்றைச் சொல்லாமல் நகர்ந்தால் கட்டுரை பொய்யாகும். சபைக்குள் சாதி வேற்றுமையை விட்டுவைக்கலாமா என்ற சண்டையில் லைப்சிக் மிஷன் நெகிழ்ந்துகொடுத்தது. ஆங்கில மிஷன்கள் சாதியை விட்டுத்தான் சபைக்குள் வர வேண்டும் என்றபோது, அது சமூக வழக்கம், மெல்லத்தான் மாறும் என்று கிரௌல் வாதாடினார். 1851-இல் சென்னையிலேயே தம் நிலைப்பாட்டை அச்சிட்டு வெளியிட்டார். பிறப்பில் எல்லா உயிரும் ஒன்று என்ற குறளை ஜெர்மனாக்கிய அதே கை. மொழியைக் கற்றுக்கொடுத்தவர்கள் எந்தத் தெருக்காரர்கள், மிஷனுக்கு வந்த மேல்சாதிக் குடும்பங்களை இழந்துவிடுவோம் என்ற அச்சம் எவ்வளவு என்பதெல்லாம் இதில் உண்டு. கற்றறிந்த பரிவு தலித் மக்களுக்குப் பெரும்பாலும் உதவவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இருவர். ஹில்கோ வியார்டோ ஷோமெருஸ் 1902 முதல் 1912 வரை லைப்சிக் மிஷனரியாகத் தமிழ்நாட்டில் இருந்தார். ஊர் திரும்பிய ஆண்டே சைவ சித்தாந்தத்தைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். மெய்கண்டாரும் அருணந்தியும் உமாபதியும் ஜெர்மன் வாசகருக்கு முறையாக அறிமுகமானது அதில்தான். 1923-இல் யேனா நகரின் டீடெரிக்ஸ் பதிப்பகம் அவருடைய திருவாசக ஆக்கத்தை வெளியிட்டது. ஜி. யு. போப்பின் ஆங்கிலத் திருவாசகம் வந்து 23 ஆண்டு ஆகியிருந்தது. ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தன்' வந்து ஓராண்டு. டீடெரிக்ஸ் மிஷன் அச்சகம் அல்ல, இலக்கியப் பதிப்பகம். மாணிக்கவாசகர் அங்கே தேவாலயக் கடையில் அல்ல, புத்தகக் கடையில் விற்றார். 1925-இல் பெரியபுராணமும் திருவாதவூரர் புராணமும் வந்தன. அடுத்த ஆண்டு ஷோமெருஸ் ஹாலேயில் பேராசிரியரானார். சீகன்பால்க்கின் ஏடுகள் உறங்கிய அதே ஊர். ஆர்னோ லேமன் 1926 முதல் 1934 வரை இங்கே இருந்துவிட்டுப் போய் 1935-இல் தாயுமானவரை ஜெர்மனாக்கினார். 1936-இல் ஷோமெருஸ் ஒரு புத்தகம் எழுதினார்: ஜெர்மன் மறைஞானி எக்கார்ட்டையும் மாணிக்கவாசகரையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது. கிறித்தவ அருளும் சைவ அருளும் எங்கே கைகோக்கின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்க்கிறார். இறுதியில் அவர் விலகலைத்தான் அழுத்துகிறார். மிஷனரி கடைசிவரை மிஷனரிதான். ஆனால் பாட்டைப் படித்துவிட்டு விலகுகிறார்.

இப்போது தாம்பரத்துக்குத் திரும்பலாம். மாநாட்டின் மையக் கேள்வி சரியாக இதுதான்: பிற சமயங்களில் கடவுள் பேசியிருக்கிறாரா? ஷோமெருஸின் எக்கார்ட்-மாணிக்கவாசகர் நூல் வந்து இரண்டாண்டு. திருவாசகம் ஜெர்மனில் 15 ஆண்டாகக் கிடைக்கிறது. ஆனால் விவாதம் ஓடியது ஹென்ட்ரிக் கிரேமரின் புத்தகத்தைச் சுற்றி. டச்சுக்காரரான கிரேமர் ஜாவாவில் வேலை செய்த மொழியறிஞர். மாநாட்டுக்கென்றே எழுதிய நூலில், சுவிசேஷத்துக்கும் பிற சமயங்களுக்கும் இடையே பாலம் இல்லை என்ற பக்கம் நின்றார். அந்தப் பார்வைக்குப் பின்னால் கார்ல் பார்த்தின் நிழல் உண்டு. பார்த் சுவிட்சர்லாந்தின் சாஃபன்வில் கிராமத்துப் போதகர். அங்கிருந்தபடி எழுதிய ரோமர் நிருப விளக்கம் ஐரோப்பிய இறையியலைப் புரட்டிப் போட்டது. எழுத்தாளராகவும் பெரியவர்: ஜெர்மன் மொழி, இலக்கியக் கழகம் உரைநடைக்குத் தரும் சிக்மண்ட் பிராய்ட் பரிசு 1968-இல் அவருக்குத்தான் போனது.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த டி. டி. நைல்ஸ் பின்னாளில் ஒரு சந்திப்பைச் சொல்வதுண்டு. 1935-இல் பார்த்தைக் கண்டபோது, மற்றச் சமயங்கள் அவநம்பிக்கையே என்று பார்த் சொன்னாராம். நீங்கள் எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று நைல்ஸ் கேட்டார். ஒருவரையும் இல்லை. பிறகு எப்படித் தெரியும்? அது ஆய்வுக்கு முன்பே தெரிந்த விஷயம் என்றாராம் பார்த். நைல்ஸ் தலையை ஆட்டிவிட்டுச் சிரித்தார். அந்த நைல்ஸ் 1938-இல் முப்பது வயது இளைஞராகத் தாம்பரத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஜெர்மனில் எழுதிய போதகர்கள் இரு வகை என்று இங்கே கோடு போடலாம். திண்ணையில் உட்கார்ந்து தமிழ் வாத்தியாரிடம் ஏடு படித்துவிட்டு எழுதியவர்கள் ஒரு பக்கம். ஒருவரையும் பார்க்காமல் அசாத்திய நடையில் எழுதியவர் மறுபக்கம். தமிழ் மண்ணிலேயே நடந்த மாநாட்டில் ஓங்கி ஒலித்தது இரண்டாவது. எதிர்க்குரல் எழாமல் இல்லை. கிறித்தவக் கல்லூரியின் ஏ. ஜி. ஹாக், ராதாகிருஷ்ணனின் ஆசிரியர், ஒரு சமயத்தின் கோட்பாட்டமைப்பு வேறு, அதற்குள் வாழும் மனிதரின் நம்பிக்கை வேறு என்று கிரேமரோடு மோதினார். செஞ்சையா, சக்கரை முதலான சென்னைக் கிறித்தவர்கள் மாநாட்டுக்கு முன்பே ஒரு தொகுப்பு வெளியிட்டு, இந்து மரபைத் தள்ளிவிட்டு எங்களுக்குக் கிறிஸ்துவைச் சொல்லாதீர்கள் என்றார்கள். ஆனால் இவர்கள் வாதாடியது ஆங்கிலத்தில். சிவவாக்கியரையும் மாணிக்கவாசகரையும் பெயர்த்த ஜெர்மன் அலமாரி அந்த வாதத்தின் நடுவில் வந்து நிற்கவில்லை.

இங்கே பார்த்தையும் ஜெர்மன் குழுவையும் வில்லன்களாக்கி முடித்துவிடுவது எளிது. நியாயம் அதுவல்ல. யாக்கோப் வில்ஹெல்ம் ஹவுவர் என்றொருவர் இருந்தார். பாசல் மிஷன் ஆளாக 1907 முதல் 1911 வரை மலபாரில் இருந்தவர், யோகமும் கீதையும் படித்துப் பேராசிரியரானவர். 1933-இல் அவர்தான் 'ஜெர்மன் நம்பிக்கை இயக்கம்' தொடங்கினார்: ஆரிய ரத்தத்துக்கு ஏற்ற ஆரிய மதம். நாஜிகளோடு ஒன்றினார். இந்தியச் சமயம் படித்தவர்கள் எல்லாரும் நல்ல முடிவுக்கு வரவில்லை. கடவுள் இனத்திலும் மண்ணிலும் வெளிப்படுகிறார் என்று ஹிட்லரின் ஆட்கள் கூவிக்கொண்டிருந்த நாட்டில், கிறிஸ்துவைத் தவிர வேறெதிலும் வெளிப்பாடு இல்லை என்று பார்த் 1934-இல் பார்மன் அறிக்கையில் எழுதியது வேலையைப் பணயம் வைத்த எதிர்ப்பு. மறு ஆண்டு பான் பல்கலைக்கழகத்திலிருந்து துரத்தப்பட்டார். தாம்பரத்தில் ஜெர்மன் குழு தனியாக ஓர் அறிக்கை தந்தது. அதன் சாரமும் இதுதான்: சபை கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருக்கும் கூட்டம், எந்தச் சமூகத் திட்டத்தையும் தேவராஜ்யம் என்று சொல்லிவிடக் கூடாது. ஊரில் அதைப் படித்தால் ஹிட்லருக்கு எதிரான வாக்கியம். சேலையூர்க் காட்டின் ஓரத்தில் படித்தால் சைவத்துக்கும் காந்தியத்துக்கும் முகம் திருப்பிய வாக்கியம். பெர்லினில் வேண்டியிருந்த மதில் தாம்பரத்துக்கும் வந்து சேர்ந்தது, அதுதான் கோளாறு. டீட்ரிக் பான்ஹோஃபர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. சிறையில் கவிதை எழுதிய அந்தப் போதகர் காந்தியோடு தங்கிப் படிக்க விரும்பினார். 1934-இல் காந்தி வரச் சொல்லிக் கடிதமும் எழுதினார். வரவில்லை. 1945 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள்.

மாநாடு முடிந்த ஒன்பதாம் மாதம் போர். இந்தியாவிலிருந்த ஜெர்மன் மிஷனரிகளை ஆங்கில அரசு முகாம்களில் அடைத்தது. முதல் உலகப் போரிலும் இதே கதைதான்; அப்போது சுவீடன் மிஷன் பொறுப்பேற்று, 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. 1939-க்குப் பிறகு ஜெர்மன் போதகர் தமிழூரில் பத்தாண்டு தங்கித் தமிழ் நூலொன்றைப் பெயர்ப்பது அபூர்வமாகிவிட்டது. ஷோமெருஸ் 1945-இல் இறந்தார். லேமன் கிழக்கு ஜெர்மனியில் அமர்ந்து தரங்கம்பாடி வரலாற்றை 1955-லும் சீகன்பால்க்கின் கடிதங்களை 1957-லும் வெளியிட்டார். பிற்பாடு ஆல்பிரெக்ட் பிரென்ஸ் மதுரை இறையியல் கல்லூரியில் இருந்தபோது, லலிதாம்பாளுடன் சேர்ந்து 1977-இல் மீண்டும் ஒரு ஜெர்மன் குறள் தந்தார். மொழிபெயர்ப்பாளர் பெயருக்குப் பக்கத்தில் தமிழ் அறிஞரின் பெயரும் சமமாக அச்சானது. அழகப்பனுக்குக் கிடைக்காதது அது.

இந்த அலமாரி நமக்குக் கிடைத்த வழியையும் பார்க்க வேண்டும். தெய்வங்களின் வம்சாவளி 1869-இல் ஆங்கிலத்தில் வந்தது, 2005-இல் டேனியல் ஜெயராஜின் உழைப்பில் மறுபடி திருத்தமாக வந்தது. ஏட்டுப் பட்டியலை வில் ஸ்வீட்மன் 2012-இல் புதுச்சேரியிலிருந்து ஆங்கிலக் குறிப்புகளோடு கொண்டுவந்தார். எல்லாம் ஆங்கிலம். தமிழரைப் பற்றித் தமிழரிடம் கேட்டு ஜெர்மனில் எழுதியதை நாம் ஆங்கிலத்தில் படிக்கிறோம்.

சென்னையின் தென்புறத்தில் இதற்கு வேண்டிய எல்லாம் ஒரே பகுதியில் இருக்கிறது. தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா நூலகமும். பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு நிறுவனம். தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரி. குறளைப் பல மொழிகளுக்குக் கொண்டுபோவதில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை, பிற மொழியில் சிக்கியிருப்பதை இங்கே கொண்டுவரவும் காட்டலாம். உரிமைத் தடையும் பெரிதில்லை: ஷோமெருஸ் இறந்து எண்பது ஆண்டாகிறது, சீகன்பால்க்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஜெர்மனும் தமிழும் தெரிந்த இளைஞர்கள் இன்று சென்னையில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் கார்க் கம்பெனிகளிலும் மென்பொருள் அலுவலகங்களிலும். அவர்களில் நால்வரைப் பிடித்து, ஒரு தமிழாசிரியரையும் உடன் உட்காரவைத்து, தரங்கம்பாடிக் கடிதங்களிலிருந்து தொடங்குங்கள். மூலம் தொலைந்த தமிழ் அது. முதலில் அதை மீட்க வேண்டும். அடுத்து 1936-இன் எக்கார்ட்-மாணிக்கவாசகர் நூல். இந்த நிறுவனங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால், வரும் நிதியாண்டுத் திட்டத்தில் இந்த இரண்டு நூல்களையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.